அப்பாவின் ஹெரால்டை லண்டனுக்குக் கொண்டுவரலாமா? வரி எவ்வளவு வரும்?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

லண்டனில் ஹாரோ பகுதியில் 15 வருடங்களாகக் குடும்பத்தோடு வசிக்கிறார். சொந்த ஊர் திருச்சி. 11 மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். உயில் எழுதவில்லை. அப்பா ஓட்டிய 1969-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார், வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பல வருடங்களாக ஓடாமல் நிற்கிறது. ஆர்.சி. புக் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அம்மா அக்காவோடு இருக்கிறார். "நீயே வச்சுக்கோ" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆனால் அக்கா பங்குக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துவிடுவதுதான் முறை என்று அத்தான் நினைக்கிறார். இவருக்கும் அதில் சம்மதமே.

கடிதத்தில் கேள்விகள் நிறைய. அப்பா கார்தானே, காசு கொடுத்து வாங்கவில்லையே, வரி எதற்கு? ஹெரால்டு அடிப்படையில் பிரிட்டிஷ் கார் என்பதால் 'திரும்பி வரும் பொருள்' என்று காட்டலாமா? குடிபெயர்வோருக்கான வரிவிலக்கு கிடைக்குமா? இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தால் வரி குறையுமா? திருச்சி மெக்கானிக் ஒருவர் மாருதி ஆம்னி எஞ்சினும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டு, புது பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். இங்கே ஆகும் செலவில் கால்வாசிதான் ஆகும், செய்துவிடலாமா? சென்னை ஏஜென்ட் ஒருவர் "மதிப்பை 200 பவுண்டுன்னு போட்டுக்கலாம் சார்" என்கிறார், அது சரியா? 40 வருடம் தாண்டிய காருக்கு இங்கே சாலை வரியும் கிடையாது, எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

என் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மகன் ஸ்டீயரிங் பிடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தக் கார் உங்கள் வீட்டுக்கு என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த மெக்கானிக்கிடம் காரை இப்போது கொடுக்காதீர்கள். அக்காவுக்குப் பணமும் அனுப்பாதீர்கள். இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். லண்டனில் நீங்கள் கட்டப்போகும் வரி திருச்சியில் நீங்கள் செய்யும் இந்த இரண்டு காரியங்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கார் கப்பல் ஏறிய பிறகு எந்த வழக்கறிஞராலும் இதை மாற்ற முடியாது.

உங்களுக்குப் பொருந்தாத வழிகள்

காசு கொடுத்து வாங்கவில்லை என்பதால் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. அன்பளிப்பாக வந்த பொருளுக்கும் சுங்கத் துறைக்கு ஒரு மதிப்பைச் சொல்லியாக வேண்டும். இன்றைய நிலையில் அந்தக் கார் சந்தையில் என்ன விலை போகுமோ, அதுதான் தொடக்கப் புள்ளி. அதோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும்.

'திரும்பி வரும் பொருள்' சலுகை, பிரிட்டனிலிருந்து ஏற்றுமதியான பொருள் மறுபடி இங்கேயே வருவதற்கானது. வழக்கமாக 3 வருடத்துக்குள் வர வேண்டும். ஹெரால்டு என்ற மாடல் பிறந்தது கோவென்ட்ரியில்தான். ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. ஆனால் உங்கள் அப்பாவின் கார் சென்னையை அடுத்த வண்டலூர் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி கட்டியது. உங்கள் கார் ஒருமுறைகூட பிரிட்டனைவிட்டுக் கிளம்பியதில்லை. அப்புறம் எப்படித் திரும்பி வரும்?

குடிபெயர்வோர் விலக்கு, வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது வாழ்ந்துவிட்டு இங்கே குடியேறுகிறவருக்கு, அவர் 6 மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருளுக்கு. 15 வருடமாக ஹாரோவில் இருக்கும் உங்களுக்கு அது வராது.

2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போன்ற ஒப்பந்தம் சுங்கவரியைத்தான் குறைக்கும், வாட் வரியைத் தொடாது. தவிர, பொருள் இந்தியாவில் உருவானது என்பதற்கு முறையான ஆதாரம் கேட்பார்கள். என்றோ மூடிப்போன தொழிற்சாலையின் காருக்கு அதை யார் தருவது?

உங்களுக்குத் திறந்திருக்கும் இரண்டு வழிகள்

நீங்கள் கேட்காமல் விட்ட வழி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு மிகவும் பொருத்தமானதும் அதுதான். வெளிநாட்டில் இறந்தவரின் சொந்த உடைமை வாரிசுரிமையாக இங்கே வசிப்பவருக்கு வந்தால், அதைச் சுங்கவரியும் வாட்டும் இல்லாமல் கொண்டுவர பிரிட்டனில் ஏற்பாடு இருக்கிறது. வணிக வாகனங்களுக்கு இது கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் இதில் வரும். சொத்துப் பிரிவினை முடிந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் பொருள் இங்கே வந்துவிட வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. திருச்சியில் ஆர்.டி.ஓ. வேலைக்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

இதற்கு பிரிட்டனின் வரி, சுங்கத் துறையான ஹெச்.எம்.ஆர்.சி.யிடம் தனிப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இந்தக் கார் வாரிசுரிமைப்படி உங்களுக்கு வந்தது என்று நோட்டரியோ அதிகாரமுள்ள அலுவலரோ உறுதிப்படுத்திய ஆவணம், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, இவை வேண்டும். கப்பல் புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்துப் பதிலைக் கையில் வாங்கிவிடுங்கள். கார் துறைமுகத்தில் வந்து நின்ற பிறகு ஆவணம் தேட ஆரம்பித்தால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

அத்தானின் யோசனை சிக்கலாவது இங்கேதான். உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும், மகனுக்கும், மகளுக்கும் சமபங்கு. ஆக, அந்தக் காரில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. (அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கடிதத்தில் அவரைப் பற்றி இல்லை.) அம்மாவும் அக்காவும் சொத்துப் பிரிவினையின் பகுதியாகவே காரை உங்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதினால் அது ஒரு நிலை. நீங்கள் ஒன்றரை லட்சம் கொடுத்து அக்கா பங்கை வாங்கினால், அந்தப் பங்கு வாரிசுரிமையில் வந்ததா, விலைக்கு வாங்கியதா என்று அதிகாரி கேட்பது நியாயமான கேள்வி.

பணத்தைக் கொடுத்துவிட்டு மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. வீடு, நகை, வங்கி இருப்பு என்று மொத்தச் சொத்தையும் பிரிக்கும்போது கார் உங்கள் பங்கிலும், வேறொன்று அக்கா பங்கிலும் வரும்படி ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதலாம். உண்மையிலேயே அப்படித்தான் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் மட்டும். திருச்சியிலேயே ஒரு வழக்கறிஞரை வைத்து இதைச் செய்யுங்கள். பணம்தான் கைமாற வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்தால், விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வழிக்கும் தயாராக இருங்கள்.

அந்த அடுத்த வழியும் மோசமானதல்ல. பிரிட்டனின் சுங்க அட்டவணையில் சாதாரணக் கார்கள் 8703 என்ற தலைப்பில் வரும். அதற்குச் சுங்கவரி 10 சதவீதம், அதன் மேல் வாட் 20 சதவீதம். ஆனால் வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கார் 9705 என்ற தலைப்புக்குப் போகும். அங்கே சுங்கவரி இல்லை, வாட் 5 சதவீதம் மட்டும். கார் குறைந்தது 30 வருடம் பழையதாக இருக்க வேண்டும், அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது, சேஸிஸ், பாடி, ஸ்டீயரிங், பிரேக், கியர், சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் கார் பிறந்த நிலையிலேயே இருக்க வேண்டும். இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

ஒரு பேச்சுக்கு உங்கள் காரின் மதிப்பு 4,000 பவுண்ட், கப்பலும் காப்பீடும் 2,500 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,500. சாதாரணக் காராக வந்தால் சுங்கவரி 650. அதையும் சேர்த்த 7,150-க்கு வாட் 1,430. ஆக 2,080 பவுண்ட். 9705-இல் வந்தால் வாட் 325 பவுண்ட், அவ்வளவுதான். வாரிசுரிமை விலக்கு கிடைத்தால் ஒன்றுமில்லை. (துறைமுகத்திலிருந்து வீடு வரை ஆகும் சில செலவுகளும் வாட் கணக்கில் சேரும், அதனால் நிஜத் தொகை இதைவிடச் சற்றுக் கூடும்.)

9705-இல் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடலாம். இன்ன பொருள் இன்ன தலைப்பில் வரும் என்று ஹெச்.எம்.ஆர்.சி. எழுத்துமூலம் தரும் முன்தீர்ப்பு 3 வருடத்துக்குச் செல்லும், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், கட்டணமும் இல்லை. படங்களோடும் விவரங்களோடும் விண்ணப்பித்து, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வாரிசுரிமை விலக்குக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் போட்டுவைத்தால், அது கைகூடாவிட்டாலும் கடைசி நேரப் பதற்றம் இருக்காது.

மெக்கானிக்கின் ஆம்னி எஞ்சின்

மெக்கானிக் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். திருச்சி ரோட்டில் தினமும் ஓட்டுவதற்கு அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். லண்டனுக்கு வரப்போகும் காருக்கு அது பெரிய நஷ்டம்.

ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். ஆம்னி எஞ்சின் மூன்று சிலிண்டர். அதைப் பொருத்திய அந்தக் கணமே 'பிறந்த நிலையில் இருக்கிறது' என்ற வாதம் உடைந்துவிடும், 9705 கையைவிட்டுப் போகும். அதோடு நிற்காது. இங்கே 40 வருடம் தாண்டிய காருக்கு எம்.ஓ.டி. விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 வருடத்தில் காரில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருப்பதை அந்த விதிகளின் வழிகாட்டுதலே தனியாகக் குறிப்பிடுகிறது. டிஸ்க் பிரேக் விஷயத்திலும் அவசரப்பட வேண்டாம்.

இந்தக் காரின் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு இரண்டு கதவுக் காராகத்தான் விற்றது. கூரை திறக்கும் மாடல், பின்பக்கம் சாமான் வைக்க நீட்டிய எஸ்டேட் மாடல் எல்லாம் வந்தன. நான்கு கதவு வைத்த ஹெரால்டு பிரிட்டனில் வரவே இல்லை. நான்கு கதவோடு கட்டியது மெட்ராஸ்காரர்கள், 1968-இல் வந்த மார்க் 3-இல். ட்ரையம்ஃப் கார்களை நேசிக்கும் ஒரு வெள்ளைக்காரர் உங்கள் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவார். அந்த அருமையை ஒரு ஆம்னி எஞ்சினுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தவிர, ஹெரால்டின் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்றைக்கும் இங்கே கடைகளில் புதிதாகக் கிடைக்கின்றன. பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும் அமைப்பு என்பதால் வேலை செய்யவும் எளிது. திருச்சியில் கிடைக்காது என்று மாற்றப் பார்க்கும் பொருள், ஹாரோவுக்குத் தபாலில் வந்துவிடும்.

திருச்சியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சக்கரம் உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், கார் உள்ளும் புறமும் மண் இல்லாமல் கழுவியிருக்க வேண்டும். பழுதானதை அதே வகைப் பொருளால் மாற்றுவது மாற்றம் ஆகாது. கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பெயிண்ட் வேலையை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். பழைய பெயிண்ட்டுக்கு அடியில் துரு எங்கே இருக்கிறது என்று தெரிவதே நல்லது.

இன்னொன்று: இத்தனை வருட ஓட்டத்தில் அப்பாவோ, அவருக்கு முன் வைத்திருந்தவரோ எஞ்சினை ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் போட்டுக்கொண்ட பழைய கார்கள் நம் ஊரில் ஏராளம். பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் 9705 கடினம். வாரிசுரிமை விலக்குக்கு அது தடையில்லை.

ஏஜென்ட் சொல்லும் 200 பவுண்ட்

வேண்டவே வேண்டாம். பொய் மதிப்பு காட்டுவது இரண்டு நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அபராதம் மட்டுமல்ல, காரையே பறிமுதல் செய்யலாம். அதிகாரி ஒருவர் இணையத்தில் பத்து நிமிடம் தேடினால் ஹெரால்டு என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆவணத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. கப்பலில் காருக்கு ஏதாவது ஆனாலும், 200 பவுண்ட் என்று எழுதிய ஆவணத்தை வைத்துக்கொண்டு 4,000 பவுண்ட் இழப்பீடு கேட்க முடியாது. பழைய கார்களை அறிந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். துருவும் ஓடாத எஞ்சினும் அதில் நேர்மையாகப் பதிவானால் மதிப்பு தானாகவே குறைந்துதான் வரும். இவ்வளவுக்கும், வரியே இல்லாத வழி உங்களுக்கு இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

திருச்சியில் எந்தக் காகிதம் முதலில்

வரிசை முக்கியம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் அம்மா, அக்காவின் சம்மதத்தோடு பாகப்பிரிவினை, அதன் பிறகு ஆர்.டி.ஓ.வில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுவது. உரிமையாளர் இறந்த 3 மாதத்துக்குள் இதைச் செய்திருக்க வேண்டும். தாமதத்துக்கு உரிய கட்டணம் கட்டி இப்போதும் செய்யலாம். ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பிக்கச் சொல்லலாம். அப்படியானால் காரை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும், சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சின் பிரதி ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே உதவும்.

ஏற்றுமதிக்கு உங்கள் கார் தடையான வகை அல்ல. 1950-க்கு முன் தயாரான பழமையான கார்களுக்கு இந்தியாவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. 1969 கார் அதில் வராது. தனிப்பட்ட உபயோகப் பொருள் என்பதால் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும் தேவையில்லை. ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு, சென்னைத் துறைமுகத்தில் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணம் போட்டு அனுப்ப வேண்டும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவைவிட்டு நிரந்தரமாகப் போன வாகனத்தின் பதிவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யும்போது அசல் ஆர்.சி.யை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வோ அசல் வெளிநாட்டுப் பதிவுச் சான்றைக் கேட்கும். ஆகவே அசலை இங்கே கொண்டுவந்து பதிவு செய்துவிட்டு ரத்து செய்வதா, அல்லது ரத்து உத்தரவைச் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தயாரிப்பு வருடத்தோடு எழுத்தில் வாங்கி வருவதா என்பதை ஆர்.டி.ஓ.விடம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் அசல் கையைவிட்டுப் போகும் முன் சான்றளித்த நகல் எடுத்துவிடுங்கள்.

கன்டெய்னரில் ஏற்றும்போது பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையில் பூச்சி நீக்கப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். கொட்டகையில் கிடக்கும் ஏதோ ஒரு கட்டையை வைத்தால் இங்கே பிரச்சினை வரும்.

இங்கே வந்த பிறகு

கார் வந்து 14 நாளுக்குள் ஹெச்.எம்.ஆர்.சி.யின் நோவா பதிவை, அதாவது வாகனம் வந்து சேர்ந்த அறிவிப்பைச் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5 பவுண்ட் அபராதம் வரலாம். நோவா முடியாமல் டி.வி.எல்.ஏ. பதிவு நடக்காது. பிறகு வி55/5 படிவம், 55 பவுண்ட் கட்டணம், உங்கள் அடையாளம், முகவரி, காப்பீடு, காரின் வயதுக்கு ஆதாரம். வயதுக்கு ஆர்.சி. மட்டும் போதாமல் போகலாம். பழைய ஸ்டாண்டர்டு, ட்ரையம்ஃப் கார்களின் தொழிற்சாலைக் குறிப்புகள் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் மெட்ராஸில் கட்டிய காருக்கு அங்கே விவரம் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டி.வி.எல்.ஏ. ஏற்கும் ட்ரையம்ஃப் ஆர்வலர் சங்கம் ஒன்றிடம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வயதுச் சான்றுக் கடிதம் கேட்பது நல்லது.

40 வருட விலக்கைப் பற்றிக் கேட்டீர்கள். சாலை வரித் தொகை பூஜ்யம்தான், ஆனால் 'வரலாற்று வாகனம்' என்ற வகையில் பதிவு செய்து, வருடா வருடம் ஆன்லைனில் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வகையில் பதிவானால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் விதிக்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. ஹாரோவும் யூலெஸ் எல்லைக்குள் இருப்பதால் இது உங்களுக்குப் பெரிய விஷயம். காப்பீட்டுக்கு விலக்கே கிடையாது. கிளாசிக் கார்களுக்கான பாலிசியில் காரின் மதிப்பை முன்பே பேசி ஒப்புக்கொள்ளும் வகையைக் கேளுங்கள்.

எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்றாலும் தயவுசெய்து ஒருமுறை செய்துவிடுங்கள். பல வருடம் நின்ற காரின் ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும். உங்கள் மகன் அதில் உட்காரப் போகிறான். பதிவு முடியும் வரை காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால், துறைமுகத்திலிருந்து டிரெய்லரில்தான் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவராமல் இருந்தால்?

இதையும் நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் 2021-இலிருந்து 50 வருடம் கடந்த வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவு இருக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் கார் ரேலி, கண்காட்சி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் இப்போதுள்ள சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது மேல்.

ஒருமுறை கார் இங்கே வந்துவிட்டால், பிறகு மனம் மாறி இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோவது மிகக் கடினம்.  இந்தியாவில் இறக்குமதி வரி காரின் மதிப்பையே தாண்டும். இங்கத்திய குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் ஹெரால்டின் சேஸிஸுக்கு ஆகாது. மூடிய கராஜ் இல்லை என்றால், கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். தெருவில் நிறுத்தி வைக்க இதைக் கொண்டுவராதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால்: அம்மா மனதார ஒப்புக்கொண்டால், கொண்டுவாருங்கள். அம்மாவிடம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அக்கா சொன்னார், அத்தான் சொன்னார் என்றுதான் இருக்கிறது. சட்டப்படியும் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. அவர் சரி என்று சொன்னால், வாரிசுரிமை விலக்கை முதல் வழியாகவும் 9705-ஐ மாற்று வழியாகவும் வைத்து, காரில் கை வைக்காமல் காகித வேலையைத் தொடங்குங்கள்.

இந்த வாரமே அக்காவிடம் சில படங்கள் கேளுங்கள்: ஆர்.சி.யின் இரு பக்கங்கள், சேஸிஸ் நம்பர் தகடு, எஞ்சின் நம்பர், நான்கு கதவும் திறந்த நிலையில் ஒரு படம், கீழிருந்து சேஸிஸ் தெரியும்படி ஒன்று. எஞ்சின் நம்பர் எண்ணெய்க் கறைக்குள் மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.